கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னது யார்?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது தாப்பாவில் ஒரு கெரோபோக் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பிரித்துத் தின்றுவிடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். தானா ராத்தாவை அடைவதற்குள் அந்தப் பாக்கெட் தலையணை போல உப்பியிருக்கும். யாரும் அதற்குள் காற்று ஊதவில்லை. உள்ளே இருக்கும் காற்று தாப்பாவில் இருந்த அதே காற்றுதான். வெளியில் இருக்கும் காற்றுதான் மெலிந்துவிட்டது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். தானா ராத்தாவில் 85 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உள்ளே அதிகம், வெளியே குறைவு. ஆகவே பாக்கெட்டின் தாள் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. அறிவியல் பாடத்தில் 'தெக்கானான்' என்று படிக்கிறீர்களே, அந்த அழுத்தம்தான் இது.

பயணிகள் விமானமும் ஒரு வகையில் அந்தப் பாக்கெட்தான். மேலே மூச்சுவிடப் போதுமான காற்று இல்லாததால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். பறக்கும் நேரம் முழுவதும் உள்ளிருக்கும் காற்று விமானத்தின் சுவர், சன்னல், கதவு எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பாக்கெட்டில் ஓர் ஓரம் சரியாக ஒட்டப்படவில்லை என்றால் கேமரன் மலையில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விமானத்தில் என்ன ஆகும் என்பதை 1972-ஆம் ஆண்டு 67 பேர் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் உயிரோடு தரையிறங்கினார்கள். தெரிந்துகொண்ட பாடத்தை யார் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. அறிவியல் பாதி, அரசாங்கம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வின்ட்சர் நகருக்கு மேலே

1972 ஜூன் 12. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 96-ஆம் எண் விமானம் டெட்ராய்ட் நகரிலிருந்து பஃபலோ நகருக்குக் கிளம்பியது. டிசி-10 என்ற புத்தம் புதிய ரக விமானம்; இந்த ரகம் பயணிகள் சேவைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 56 பயணிகள், 11 ஊழியர்கள். எல்லையைத் தாண்டிக் கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் பெரும் சத்தம். பின்புறச் சரக்கு அறையின் கதவு பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

கதவு போனால் பெட்டிகள் விழும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். பெட்டிகள் விழத்தான் செய்தன. சரக்கோடு போய்க்கொண்டிருந்த ஒரு சவப்பெட்டியும் விழுந்தது. ஆனால் உண்மையான ஆபத்து அதற்கு மேலே, பயணிகள் கால் வைத்திருந்த தரையில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 65 கிலோபாஸ்கல். விமானத்துக்குள் அதைவிட 30 கிலோபாஸ்கல் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். கதவு பறந்த அந்த நொடியில் கீழே சரக்கு அறையின் காற்று வெளியே பாய்ந்துவிடுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு விழுந்துவிடுகிறது. மேலே பயணிகள் இருக்கும் பகுதியில் காற்று அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது கீழே இறங்கிவரப் போதிய வழி இல்லை. இப்போது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் மேலிருந்து கீழாக அழுத்தும் விசை என்ன? விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. 30,000 பாஸ்கல் பெருக்கல் 1 சதுர மீட்டர், ஆக 30,000 நியூட்டன். ஏறக்குறைய மூன்று டன் எடை. ஒரு மைவி காரின் எடை சுமார் ஒரு டன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் மூன்று மைவி கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. அது ஒரு சதுர மீட்டருக்கு மட்டும். அடுத்த சதுர மீட்டரில் இன்னும் மூன்று.

தரை வளைந்து பின்பகுதியில் உடைந்து கீழே இறங்கியது. அந்தத் தரையின் உத்திரங்கள் வழியாகத்தான் விமானியின் அறையிலிருந்து வால்பகுதிக்குப் போகும் கட்டுப்பாட்டு வடங்கள் ஓடின. வடங்கள் சில அறுந்தன, சில இறுகிச் சிக்கிக்கொண்டன. வாலில் இருந்த எஞ்சினின் கட்டுப்பாடு போய்விட்டது. வாலின் செங்குத்துத் திருப்பி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

விமானி பிரைஸ் மெக்கார்மிக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. இந்த ரக விமானத்துக்கு மாறும்போதே, கட்டுப்பாட்டு வடங்கள் போனால் என்ன செய்வது என்று யோசித்து, இரண்டு இறக்கை எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தை ஓட்டுவதைப் பயிற்சிக் கூண்டில் தாமாகவே பழகிப் பார்த்திருந்தார். அன்று அது கைகொடுத்தது. விமானத்தைத் திருப்பி டெட்ராய்டிலேயே இறக்கினார். சிலர் காயமடைந்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: அன்று விமானத்தில் கூட்டம் குறைவு. தரையின்மேல் பயணிகளின் எடை குறைவாக இருந்ததால் அது முழுவதுமாக இடிந்து விழவில்லை.

டிபன் கேரியரும் அந்தக் கதவும்

கதவு ஏன் திறந்தது? பெரும்பாலான பயணிகள் விமானங்களில் நாம் ஏறும் கதவு குளியல் தொட்டியின் அடைப்பான் போன்றது. உள்ளிருந்து வாசலில் பொருந்தி உட்காரும். உள்ளே அழுத்தம் கூடக் கூட இன்னும் இறுகும். பறக்கும்போது பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. ஆனால் சரக்கு அறையில் அப்படிக் கதவு வைத்தால் அது உள்ளே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே டிசி-10-இல் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு வைத்தார்கள். அத்தகைய கதவை உள்ளிருக்கும் காற்று எந்நேரமும் திறக்கத்தான் பார்க்கும். தாழ்ப்பாள்கள் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அந்தத் தாழ்ப்பாள் எப்படி வேலை செய்தது என்பதற்குப் பாட்டி வீட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் கொக்கியை அழுத்தினால் முதலில் முரண்டு பிடிக்கும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் 'டக்' என்று தானாகவே போய் உட்காரும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் உள்ளிருந்து தள்ளினாலும் திறக்காது. தள்ளத் தள்ள இன்னும் இறுகும். ஆனால் 'டக்' சத்தம் வராமல் பாதியில் நின்றிருந்தால்? பார்க்க மூடியது போல இருக்கும். பையில் போட்டுத் தூக்கியதும் சாம்பார் கொட்டும்.

டிசி-10-இன் கொக்கிகளை மின்மோட்டார் ஒன்று திருப்பியது. பிறகு ஊழியர் வெளியே இருந்த ஒரு கைப்பிடியை அழுத்த வேண்டும். அது பூட்டு ஊசிகளைக் கொக்கிகளுக்குப் பின்னால் தள்ளும். கூடவே கதவில் இருந்த ஒரு சிறிய காற்றுத் திட்டியையும் மூடும். கொக்கிகள் பாதியில் நின்றிருந்தால் ஊசிகள் இடித்துக்கொள்ளும், கைப்பிடி இறங்காது, காற்றுத் திட்டி திறந்தே இருக்கும், விமானத்துக்குள் அழுத்தம் ஏறாது. தாளில் அருமையான ஏற்பாடு. ஆனால் கைப்பிடியையும் ஊசிகளையும் இணைத்த குழாய்கள் பலவீனமானவை. ஊசிகள் இடித்துக்கொண்டு நின்றாலும், பலமாக அழுத்தினால் குழாய் வளைந்து கொடுக்கும், கைப்பிடி இறங்கிவிடும், திட்டியும் மூடிக்கொள்ளும். டெட்ராய்டில் அன்று கதவை மூடிய ஊழியர் கைப்பிடி இறங்காமல் முழங்காலால் அழுத்தி இறக்கினார். காற்றுத் திட்டி கொஞ்சம் கோணலாக இருப்பதைக் கண்டு சொல்லவும் செய்தார். விமானம் கிளம்பியது.

மோட்டார் ஏன் பாதியில் நின்றது என்பது உங்கள் இயற்பியல் பாடம்தான். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோன கம்பி மெல்லியது. மெல்லிய கம்பிக்கு மின்தடை அதிகம். வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துவிடும். மோட்டார் முழு பலத்தோடு திருப்பாது. இது விபத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. தடித்த கம்பியாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பு நிறுவனமான மெக்டோனல் டக்ளஸ் விமான நிறுவனங்களுக்கு அறிக்கை அனுப்பியிருந்தது. மாற்றுவது கட்டாயமில்லை. அந்த விமானத்தில் இன்னும் மாற்றப்படவில்லை.

அதற்கும் முன்பு, 1970 மே மாதம், முதல் டிசி-10 விமானத்தைத் தொழிற்சாலையில் தரையில் நிறுத்திச் சோதித்தபோது முன்புறச் சரக்குக் கதவு ஒன்று இதேபோல் வெடித்துத் திறந்து, தரையும் ஓரளவு இடிந்திருந்தது. காற்றுத் திட்டி அதன் பிறகுதான் சேர்க்கப்பட்டது.

ஒரு தொலைபேசிப் பேச்சு

விபத்து நடந்தால் அமெரிக்காவில் இரண்டு அரசு அமைப்புகள் வரும். ஒன்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அது காரணத்தைக் கண்டுபிடித்துப் பரிந்துரை மட்டும் செய்யும். இன்னொன்று எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம். உத்தரவு போடும் அதிகாரம் அதனிடம்தான் உண்டு. இப்படிப் பிரித்து வைத்திருப்பது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. சட்டம் போடுகிறவரே விபத்தையும் விசாரித்தால் தன் தவற்றைத் தானே எழுத வேண்டிவரும். மலேசியாவிலும் விமான விபத்து விசாரணை ஒரு பிரிவிடமும், பாதுகாப்பு விதிகள் வேறோர் அமைப்பிடமும் இருக்கின்றன.

வாரியம் வேகமாக வேலை செய்தது. 1972 ஜூலையிலேயே இரண்டு பரிந்துரைகளைக் கொடுத்தது. கொக்கிகள் முழுதாகப் பூட்டாதபோது கைப்பிடி இறங்கவே முடியாதபடி கதவை மாற்றுங்கள் என்பது ஒன்று. கதவு போனாலும் மேலிருக்கும் காற்று கீழே இறங்கிவர வழிகள் வையுங்கள், அப்போது தரை இடியாது என்பது இரண்டாவது. மேலே நாம் போட்ட மூன்று மைவி கணக்கு நினைவிருக்கிறதா? காற்று உடனே கீழே இறங்கிவிட்டால் அழுத்த வேறுபாடு மறைந்துவிடும், மைவிகளும் மறைந்துவிடும்.

எஃப்.ஏ.ஏ. நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார அலுவலகம் 'பறக்கும் தகுதி ஆணை' ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரக விமானத்தில் ஆபத்து தெரிந்தால் அரசு வெளியிடும் ஆணை அது. சொன்ன தேதிக்குள் திருத்தாத விமானம் பறக்கக் கூடாது. யாரும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாது.

அந்த ஆணை வெளிவரவில்லை. எஃப்.ஏ.ஏ.யின் தலைவர் ஜான் ஷாஃபரும் தயாரிப்பு நிறுவனத்தின் டக்ளஸ் பிரிவுத் தலைவர் ஜாக்சன் மெக்கோவனும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். நாங்களே சரிசெய்து விடுகிறோம், ஆணை வேண்டாம் என்பது போல முடிந்தது பேச்சு. பெரிய மனிதர்கள் இருவர் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று இது பின்னாளில் பேர் வாங்கியது. ஆணைக்குப் பதில் நிறுவனத்தின் சேவை அறிக்கைகள் போயின.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அவசரப்பட்டு யாரையும் கெட்டவராக்கிவிட வேண்டாம். புதிய விமானம், உலக நாடுகள் வாங்குவதற்கு வரிசையில் நிற்கின்றன, பகிரங்க ஆணை போட்டால் பெயர் கெடும், ஆயிரக்கணக்கானவர்களின் வேலைக்கு ஆபத்து. எஃப்.ஏ.ஏ.க்கோ அன்றைய சட்டப்படி இரண்டு கடமைகள்: பாதுகாப்பைக் கவனிப்பது, விமானத் தொழிலை வளர்ப்பது. நீங்கள் ஒரே ஆட்டத்தில் நடுவராகவும் ஓர் அணியின் ரசிகர் மன்றத் தலைவராகவும் இருந்தால் எப்படி இருக்கும்? சட்டத்தில் இருந்த அந்த இரண்டாவது கடமையை அமெரிக்கா நீக்கியது 1996-இல்தான். அந்த ஆண்டு மே மாதம் ஃபுளோரிடாவில் வேல்யூஜெட் விமானம் விழுந்து 110 பேர் இறந்த பிறகு.

அதே 1972 ஜூன் மாதம், சரக்குக் கதவைத் தயாரித்துக் கொடுத்த கான்வேர் நிறுவனத்தில் டேன் ஆப்பிள்கேட் என்ற பொறியாளர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகளில் டிசி-10 கதவுகள் மறுபடியும் திறக்கத்தான் போகின்றன, திறந்தால் பெரும்பாலும் விமானமே அழியும் என்பது அதன் சாரம். தரையை மாற்ற வேண்டும் என்றார். மேலதிகாரிகள் அதை மறுக்கவில்லை. ஆனால் இதைக் கிளப்பினால் திருத்தும் செலவு நம் தலையில் விழும் என்று கணக்குப் பார்த்தார்கள். கடிதம் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை.

பாரிஸுக்கு வெளியே ஒரு காடு

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. துருக்கி விமான நிறுவனத்தின் 981-ஆம் எண் டிசி-10 இஸ்தான்புல்லிலிருந்து பாரிஸ் வந்து, லண்டன் போகக் காத்திருந்தது. அன்று பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஒன்றில் வேலைநிறுத்தம். பயணம் தடைப்பட்ட பலர் இந்த விமானத்தில் இடம் கிடைத்ததே என்று ஏறினார்கள். விமானம் நிரம்பியது.

கிளம்பிச் சில நிமிடங்களில், ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், அதே பின்புறச் சரக்குக் கதவு பறந்தது. இம்முறை தரையின்மேல் நிறையப் பயணிகள். பின்பகுதியில் தரை இடிந்தது. இரண்டு வரிசை இருக்கைகள் ஆறு பேருடன் வெளியே போயின. வடங்கள் அறுந்தன. ஒன்றேகால் நிமிடத்துக்குள் விமானம் எர்மனோன்வில் காட்டில் விழுந்தது. 346 பேர் இறந்தார்கள். அதுவரை நடந்த விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

முதலில் பலர் விரல் நீட்டியது கதவை மூடிய சாமான் ஏற்றும் தொழிலாளியின் பக்கம். அவர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர். மூன்று மொழிகள் தெரிந்தவர். ஆனால் கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் இருந்தது. அந்த இரண்டும் அவருக்குத் தெரியாது. வின்ட்சருக்குப் பிறகு, பூட்டு ஊசிகள் சரியாக நுழைந்திருக்கின்றனவா என்று பார்க்கக் கதவில் ஒரு சிறிய கண்ணாடித் துளை வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பார்ப்பது அவர் வேலை அல்ல. விமான நிறுவனத்தின் பொறியாளர் பார்க்க வேண்டும். அன்று யாரும் பார்க்கவில்லை. அந்தத் தொழிலாளி தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அவருக்கு முழங்கால்கூடத் தேவைப்படவில்லை. கைப்பிடி எளிதாக இறங்கியது. இறங்கியிருக்கக் கூடாது.

ஏன் இறங்கியது? குழாய் வளையாமலிருக்க ஓர் உலோகத் தாங்கு தகட்டைப் பொருத்தும்படி வின்ட்சருக்குப் பிறகு நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தது. காட்டில் கிடைத்த கதவில் அந்தத் தகடு இல்லை. தொழிற்சாலைப் பதிவேட்டைப் புரட்டினால், இந்த விமானத்தில் 1972-இலேயே தகடு பொருத்தியாயிற்று என்று எழுதி, ஆய்வாளர்களின் முத்திரையும் குத்தியிருந்தது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அறிவியல் கூடத்துக்கு நான் பொறுப்பாளர். சுவரில் தீயணைப்புக் கருவி தொங்கும். அதன் கழுத்தில் ஓர் அட்டை. மாதம் ஒரு முறை அழுத்தமானியின் ஊசி பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் படிவம் ஒன்று மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஊசி சிவப்புல இருக்கே, சரியா?" போய்ப் பார்த்தேன். சிவப்பில்தான் இருந்தது. அட்டையில் ஐந்து மாதங்களாக என் கையெழுத்து அழகாக வரிசையாக இருந்தது. ஊசியைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தகட்டுக்கு முத்திரை குத்தியவரைப் பற்றிப் படித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

அதனால்தான் அரசாங்க ஆய்வாளர் என்று ஒருவர் தேவைப்படுகிறார். அவர் வந்து அட்டையைப் பார்த்தால் போதாது, ஊசியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விமானத்தின் ஒவ்வொரு திருகாணியையும் அவர் பார்க்க முடியாது, உலகில் எந்த அரசிடமும் அத்தனை ஆட்கள் இல்லை. ஆகவே அவர் எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத ஒரு திருகாணியைப் பார்க்கிறார். பதிவேட்டில் ஒரு வரியைத் தொட்டு, 'இதைக் காட்டு' என்று விமானத்தின் அடியில் போய் நிற்கிறார்.

பாரிஸ் விபத்து நடந்த அதே மாதம் எஃப்.ஏ.ஏ. கதவுத் திருத்தங்களைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. இருபத்தொரு மாதங்களுக்கு முன் போட்டிருக்க வேண்டிய ஆணை. பிறகு, டிசி-10 மட்டுமல்லாமல் எல்லா அகலமான விமானங்களிலும் கதவு திடீரென்று போனாலும் தரை தாங்கும்படி காற்று வழிகள் வைக்க வேண்டும் என்றும் விதி வந்தது.

அதே எண் மறுபடியும்

346 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? 2018 அக்டோபர் 29-இல் இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ் ரகம். கூட்டிப் பாருங்கள். தற்செயல்தான், எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் கதையின் வடிவம் மிகவும் பழக்கமானதாக இருக்கும்.

அந்த விமானத்தில் மூக்கு அதிகமாக மேலே தூக்கினால் தானாகவே கீழே இறக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அது ஒரே ஓர் உணரியின் சொல்லை நம்பி இயங்கியது. உணரி பொய் சொன்னதும் மென்பொருள் நல்ல விமானத்தைத் தரையை நோக்கி மறுபடி மறுபடி தள்ளியது. ஒரே அளவீட்டை நம்பி முடிவெழுதாதே, மூன்று முறை எடு என்று ஆய்வுக்கூடத்தில் உங்களிடம் ஓயாமல் சொல்கிறோமே! முதல் விபத்துக்குப் பிறகு ஆபத்து தெரிந்தும் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. சான்றிதழுக்கான சோதனைகளில் பெரும்பகுதியை எஃப்.ஏ.ஏ. சார்பாகச் செய்தவர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் என்பதும் வெளியே வந்தது. இரண்டாவது விபத்துக்குப் பின் மலேசியாவும் சிங்கப்பூரும் மார்ச் 12-ஆம் தேதியே அந்த ரக விமானங்களைத் தங்கள் வானில் தடை செய்தன. விமானத்துக்குச் சான்றிதழ் கொடுத்த அமெரிக்கா மறுநாள்தான் தடை செய்தது.

நம் வீட்டுக்கு வந்த ரிப்போர்ட் கார்டு

அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமலிருப்பது நியாயமில்லை. 2019 நவம்பரில் எஃப்.ஏ.ஏ. மலேசியாவை முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. அப்போது பலர் 'நம் விமானங்கள் பாதுகாப்பாக இல்லையாம்' என்று பேசிக்கொண்டார்கள். அது தவறான புரிதல். அந்தத் தேர்வு எழுதியவர்கள் விமான நிறுவனங்கள் அல்ல. எழுதியது நம் கண்காணிப்பு அமைப்பு: சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம். பழைய அரசுத் துறை ஒன்றை மாற்றி 2018 பிப்ரவரியில்தான் அது ஆணையமாகியிருந்தது.

தேர்வில் கேட்பது இப்படிப்பட்ட கேள்விகள்: அனைத்துலகத் தரத்துக்கு ஏற்ற சட்டம் உங்களிடம் இருக்கிறதா? போதிய தொழில்நுட்ப ஆய்வாளர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்குப் பயிற்சி உண்டா? ஆய்வு செய்ததற்குப் பதிவு இருக்கிறதா? குறை கண்டால் அதைத் தீர்த்து முடிக்கிறீர்களா? அந்தத் தரத்தை வகுப்பது மொன்றியலில் இருக்கும் ஐக்கிய நாட்டு அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1944 டிசம்பரில் சிக்காகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது அது. ஒரு நாட்டின் கண்காணிப்புக்கு எட்டு அம்சங்கள் வேண்டும் என்கிறது. எட்டாவது, கண்டுபிடித்த பாதுகாப்புக் குறைகளைத் தீர்ப்பது. 1972-இல் அமெரிக்கா கோட்டைவிட்டது சரியாக அந்த இடத்தில்தான் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இரண்டாம் பிரிவில் இருந்த காலத்தில் மலேசிய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவைகளைத் தொடங்க முடியவில்லை. ஆணையத்தின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். விதிகளைத் திருத்தினார்கள், ஆய்வாளர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் மலேசியா மீண்டும் முதல் பிரிவுக்கு வந்தது. மூன்று வருட உழைப்பு. இடையில் கோவிட் வேறு.

அந்த ஆய்வாளர் வேலை எப்படிப்பட்டது என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். விமானப் பொறியியல் படித்தவர்கள், விமானம் ஓட்டி அனுபவம் உள்ளவர்கள் அதற்குப் போகிறார்கள். நள்ளிரவில் விமானக் கொட்டகைக்குப் போக வேண்டும். விமானியின் அறையில் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் நடைமுறைப் பட்டியலை உண்மையாகவே வாசிக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். தன்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவரிடம், தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்குபவரிடம், 'இந்த விமானம் இன்று பறக்காது' என்று சொல்ல வேண்டும். விமானம் பறக்காவிட்டால் பயணிகள் திட்டுவார்கள், செய்தித்தாளில் வரும். பறந்து பத்திரமாக இறங்கிவிட்டால் யாரும் அவரைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள். "அப்ப அது கஷ்டமான வேலைதான் டீச்சர்" என்றான். ஆமாம் என்றேன்.

அடுத்த முறை அகலமான பெரிய விமானம் ஒன்றில் சன்னலோர இருக்கை கிடைத்தால், வெளியே மேகத்தைப் பார்த்து முடித்த பிறகு கொஞ்சம் குனிந்து உங்கள் காலடியைப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளவாக்கில் துளைகளோடு தகடுகள் ஓடும். சாதாரண நேரத்தில் அறையின் காற்று அதன் வழியாகத்தான் கீழே திரும்பிப் போகிறது. கீழே எங்காவது ஒரு கதவு போய்விட்டால், அந்தத் தகடுகள் சட்டென்று திறந்து மேலிருக்கும் காற்றைக் கீழே இறக்கிவிடும். தரை அப்படியே நிற்கும். 1972 ஜூலையில் வாரியம் தன் இரண்டாவது பரிந்துரையில் கேட்ட காற்று வழி அதுதான்.